எடுத்துக் கொடுத்த வாய்

வாயாடி ஜோடி என்றால் கூட்டம் முண்டியடிக்கும். அக்கா பாட்டாலே கேள்வி கேட்பாள், தம்பி பாட்டாலே பதில் சொல்வான். எல்லாம் மேடையில் நின்றபடியே கட்டுவது. கேள்வியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து எதுவோ, பதிலின் முதல் சொல்லிலும் அதுவே இரண்டாவதாக வரவேண்டும். மேளம் மூன்று சுற்று வருவதற்குள் வாய் திறக்காதவர் தோற்று உட்கார வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் தம்பி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எப்படி உட்காருவான்? அவன் திணறினால் அக்கா முகம் துடைப்பதுபோல் கைக்குட்டையால் வாயை மறைத்து முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவாளே!

அன்று மேடையேறக் கால்மணி நேரம் இருந்தது. மேளக்காரர் சும்மா இருக்கமாட்டாமல் வாயை விட்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து உங்க தம்பி தனிக் கச்சேரியாமே? கூட்டத்துல யார் கேட்டாலும் அவரே பதில் பாடுவாராம். கையெழுத்துகூடப் போட்டாச்சாம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, கூடப்பிறந்தவளுக்குத் தெரியவில்லை. தம்பியோ ஒன்றும் தெரியாத பாப்பாவாகக் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தான். கேட்கிறேன், எல்லார் முன்னாலும் கேட்கிறேன், பதில் வராமல் உட்காரட்டும் என்று கறுவிக்கொண்டே மேடையேறினாள்.

நாலு கேள்வி வழக்கம்போலப் போயிற்று. ஐந்தாவதை எடுத்தாள்.

"இனிமேல் யார்கூடப் பாடப்போறே, என் கூடப்பிறந்தவனே?"

கூட்டம் சிரித்தது. தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. மேளம் ஒரு சுற்று வந்தது. அவளைப் பார்த்தான். இரண்டாவது சுற்று. உதட்டை நனைத்துக்கொண்டான், சொல் வரவில்லை. மூன்றாவதும் பாதி ஓடிவிட்டது. தோற்கட்டும், நன்றாகத் தோற்கட்டும் என்றுதான் அவள் நின்றாள். பாழாய்ப்போன கை தானாகக் கைக்குட்டையை எடுத்தது, வாய் தானாக முணுமுணுத்தது.

"தனியா..."

இனி, தனி. எழுத்து அச்சாகப் பொருந்திவிட்டது. கொடுத்ததை வாங்கியே பழகியவன், யோசிக்காமல் பிடித்துக்கொண்டான்.

"தனியாத்தான் பாடப்போறேன், தாயான அக்காவே!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இறங்கியதும் அழுதுகொண்டே பின்னால் வந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. பயமா இருந்துச்சு."

"பயமா? என்கிட்டயா?" அவள் சட்டென்று திரும்பினாள். "அட மடையா, அடுத்த மாசம் மூணாவது சுத்து வரும்போது நீ யாரைடா பார்ப்பே?"

கையெழுத்துப் போட்டபோது அதை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை.