வேலிக்கருவை முள்ளும் சூட்டு மண்ணும்

என் மனைவி முத்துராக்குவுக்குக் கஞ்சி குடிக்க வாய் திறக்காத அன்று காலை, நான் எதிரே உட்கார்ந்து யாரையோ கேலி பேசிக்கொண்டிருந்தேன். அவள் உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவள் இப்படிச் சிரித்ததே இல்லை. உற்சாகமாகிக் கதையை இன்னும் நீட்டினேன்.

அது சிரிப்பில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஒருவருக்கு இதே நோய் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியம் தெரிந்தவனில்லை, கரி சுடுகிறவன்.

எழுபதுகளின் நடுவில், எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வேலிக்கருவை (சீமைக்கருவேலம்) வெட்டி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண்ணை மெழுகி, காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே வேக விடுவதுதான் மூட்டம். அந்த முள் சாதாரணத் தோல் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்புதான் தாங்கும். ஆண்கள் நாங்கள் அதைப் போட்டு, கைக்குச் சாக்கும் சுற்றிக்கொண்டு வெட்டுவோம். முள்கிளையை இழுத்துப் போடும் பெண்களுக்கு வெறுங்கால்தான். அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் நினைக்கவுமில்லை.

முத்துராக்கு ஒருநாள் என் பழைய டயர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அது அவள் காலைவிடப் பெரிது. என்னால் சும்மா இருக்க முடியுமா?

“ஏலே, தள்ளி நில்லுங்கடா. தாசில்தாரம்மா நெலம் பாக்க வாராக.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டாள்.

“நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க” என்றாள்.

அந்த வாரமே அவள் குதிகாலில் முள் ஏறியது.

மூட்டக்காரர்களுக்கென்று ஒரு கைவைத்தியம் உண்டு. முள்ளைப் பிடுங்கிய கையோடு, மூட்டத்தின் வாயில் கிடக்கும் சூட்டு மண்ணை அள்ளிக் காயத்தில் வைத்து அழுத்துவோம். ரத்தம் நின்றுவிடும், வலியும் அடங்கும். நானே வைத்தேன், நானே துணியும் கட்டினேன். ‘வைத்தியருக்குக் கோழி உண்டா’ என்று கேட்டதாகவும் ஞாபகம்.

தாடை பூட்டியதும், கரி ஏற்ற வந்த லாரியிலேயே அவளை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். டிரைவர் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் முதுகு வில்லாக வளைந்தது. அவளுடைய அண்ணன் முனியாண்டி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள்.

டெட்டனஸ் என்றார் மதுரை டாக்டர் (மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி காயத்தில் இறங்கி, அதன் விஷம் நரம்பைப் பிடித்துத் தசைகளை இறுக்கும் நோய்).

“மண்ணு வச்சது யாரு?”

“நான்தாங்கய்யா.”

“இது காத்துப் படாத எடத்துல வளர்ற கிருமி. நீங்க அதுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க.”

மற்றவர்களுக்கு அவர் விளக்க வேண்டியிருந்திருக்கும். காற்றை அடைப்பதே தொழிலாக இருக்கிறவனுக்கு ஒரே வார்த்தையில் விளங்கிவிட்டது.

காயத்தைத் திறந்து கழுவினார்கள். சீரம் போட்டார்கள் (குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறி). மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி. இருட்டறை. வெளிச்சமோ சத்தமோ பட்டால் இழுப்பு வரும், மூச்சுத் தசை இறுகினால் உயிர் போய்விடும் என்றார் டாக்டர்.

“நான் பக்கத்துல இருக்கலாமாங்கய்யா?”

“இருங்க. பேச்சுக் குடுக்காதீங்க.”

“அப்ப இவரு வாயையும் பூட்டணும்யா” என்றார் முனியாண்டி.

இந்த நோயில் நினைவு தப்புவதில்லை. அது எனக்கு முதலில் தெரியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள், அந்த இழுத்துக்கொண்ட சிரிப்போடு. நான் இத்தனை வருடம் பேசிய பேச்சுக்கெல்லாம் மொத்தமாகச் சேர்த்துச் சிரிப்பதுபோல அந்த முகம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் தாங்க முடியாமல் அவள் காதருகே குனிந்தேன். “எல்லாம் என்னாலதான் புள்ள” என்று தொடங்கும்போதே அழுகை வெடித்துவிட்டது. அவள் உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. நர்ஸம்மா என்னைப் பிடித்து வெளியே தள்ளினார். மன்னிப்புக் கேட்பதும் சத்தம்தான் என்று வராந்தாவில் நின்றபோது புரிந்தது. உங்களுக்கும் அழுகை வரும். வெளியே போய் அழுங்கள்.

இழுப்பு மெல்லக் குறைந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்ததும் அவள் பேசினாள்.

“நீங்க அழுதீக. எனக்குக் கேட்டுச்சு.”

“ம்.”

“சகிக்கல.”

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பிழைத்தவர்களுக்கு இது மறுபடி வராது என்று நினைக்காதீர்கள். தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மூட்டத்துப் பெண்கள் எல்லோரையும் பஸ்ஸில் திருச்சுழிக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தேன். அவரவர் காலுக்கு அளவெடுத்து டயர் செருப்பும் தைக்கக் கொடுத்தேன். செய்ததற்கு அது ஈடாகாது. என்ன செய்தால் ஈடாகும் என்று தெரியவுமில்லை.

அவள் முதுகில் கொஞ்சம் விறைப்பு மிச்சம் இருக்கிறது. குனியும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். நோய் என் உடம்பிலும் வேறு மாதிரி தங்கிவிட்டது. எங்கே சத்தம் கேட்டாலும் என் கண் அவள் முதுகுக்குத்தான் போகும். சத்தத்துக்கும் அவள் அசைவதற்கும் நடுவே இருப்பது ஒரு நொடிதான். அது முடிய எனக்கு அரைநாள் ஆகிறது.

போன வாரம் வாசலில் ஒரு லாரி டயர் வெடித்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. திரும்பாமலே கேட்டாள்.

“எம் முதுகையே பாக்குறீகளா?”

“இல்லையே.”

“அதான் ஒண்ணும் வரலைல. மூச்ச விடுங்க.”