ஒத்திலா அடுக்கிய பானை

ஒத்திலா நல்ல சமையல்காரி என்று அவள் காதுபடச் சொன்னவர்கள் எங்கள் மீனவ ஊரான எல் மங்க்ளாரில் குறைவு. நானும் சொன்னதில்லை. அவள் வைக்கும் மீன் குழம்பில் சில நாள் உப்பு தூக்கலாக இருக்கும். சில நாள் மிளகாய்க் காரம் மூக்கில் ஏறும். ஆனால் மாவு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, எந்த நேரத்தில் இறக்கினால் தோல் கையோடு வரும் என்பது அவளுக்குத் தெரியும். அரைத்த மாவை நீளவாக்கில் தட்டி, ஓட்டில் போட்டுச் சுட்டு, சூட்டோடு ஓரத்தைக் கிள்ளி வரம்பு கட்டுவாள். அதன்மேல் அவரைக் கூழும் பாலாடைக்கட்டியும் வைத்தால் மெமேலா. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் காலை உணவு அதுதான். அதனால்தான் அதை யாரும் புகழ்வதில்லை.

அவளுடைய கணவன் பிலெமோன் ஒரு வேளைக்கு ஆறேழு தின்பான். காயலைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவன். சிவப்பு மீன் கிடைக்கும் காலத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டான். ஐஸ் கட்டி வாங்குவதற்காக, வழியில் இருக்கும் புந்த்தா பலோமா என்ற ஊரில் படகை நிறுத்துவான். அங்கே ஐஸ் விற்றவள் பெயர் கிரிசெல்தா. ஐஸ் வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எங்கள் கரையில் ஆண்களுக்குள் ஒரு பழைய கேலி.

ஒத்திலா இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் கடலிலிருந்து வந்தவன் இரண்டாவது மெமேலாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அவள் அந்தப் பாதியை எடுத்துப் பார்த்தாள்.

"எங்கேயோ தின்னுட்டு வந்திருக்கே."

"கடல்ல என்னடி கிடைக்கும்?"

"கடல்ல கிடைக்காது. கரையில கிடைக்கும். அந்த மாவுல சுண்ணாம்பு கம்மியோ? வயிறு உப்பியிருக்கு."

அவ்வளவுதான் அவர்கள் சண்டை. பல வருஷம் அப்படியே ஓடியது. அவன் போகும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று அந்த ஐஸ்காரியைத் திட்டுவாள். அவன் வந்ததும் அடுப்பை மூட்டுவாள். பிள்ளைகள் இல்லை. தன் வாழ்க்கையைப் பற்றி அவள் எங்களிடம் புலம்பியதில்லை. புலம்பாததைப் பொறுமை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி தெரியாதவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் பிலெமோன் தனியாகப் போனான். அன்று பிற்பகலில் தெற்குக் காற்று அடித்தது. மற்ற படகுகள் எல்லாம் திரும்பின. அவனுடையது வரவில்லை. பிறகு அந்தப் படகு புந்த்தா பலோமாவுக்குப் பக்கத்து மணலில் குப்புறக் கிடந்தது. மோட்டாரைக் காணோம்.

பிலெமோனின் அக்கா எர்மெலிந்தாவின் மகன்கள் போய்ப் படகை இழுத்து வந்தார்கள். அவர்கள் கிரிசெல்தாவின் வீட்டையும் பார்த்துவிட்டு வந்தார்கள். பூட்டிக் கிடந்ததாம். எங்கே போனாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. அகாபுல்கோ நகரத்து பஸ்ஸில் ஏறியதை ஒருவன் பார்த்திருக்கிறான்.

இதைக் கேட்டதும் ஒத்திலாவின் முகம் தெளிந்தது. அதுவரை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தவள் எழுந்து போய்ச் சோளத்தை ஊறப்போட்டாள்.

"பார்த்தீங்களா? ரெண்டு பேரும் ஓடிட்டாங்க" என்றாள்.

எர்மெலிந்தா பருத்த உடம்புக்காரி. சொல்வதை உட்கார்ந்து சொல்ல மாட்டாள். "ஏண்டி, படகு கவிழ்ந்து கிடக்குதுன்னு பசங்க சொல்றாங்க. நீ ஓடிட்டான்னு சொல்றே."

"மோட்டார் எங்கக்கா? கடல் கொண்டு போச்சுன்னா படகை விட்டுட்டு மோட்டாரை மட்டும் ஏன் கொண்டு போச்சு? கடலுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா? அவரு வித்துட்டாரு. வித்த காசுல அவளைக் கூட்டிட்டுப் போயிருக்காரு. தேவடியா மவ."

வருஷக்கணக்கில் எந்தப் பேச்சைக் கேட்டு அவள் வயிறெரிந்தாளோ, அதே பேச்சை இப்போது தானே வீடு வீடாகக் கொண்டு போனாள். கைவிடப்பட்டவள் என்று ஊர் சொன்னால் போதும் என்று இருந்தாள். விதவை என்று மட்டும் சொல்லக்கூடாது. அவளோடு வாதாட முடியவில்லை. உடல் கிடைக்காத வரை எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை. ஆசை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தராசு சாயும்.

ஆனால் எர்மெலிந்தாவுக்கு வேறு பயம். கடலில் இறந்தவனுக்கு ஒன்பது நாள் ஜெபமாலை சொல்லி, கடைசி நாள் தரையில் கிடத்திய சிலுவையைத் தூக்காவிட்டால் அவன் கரைக்கும் கடலுக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பான் என்பது எங்கள் நம்பிக்கை. கடைசியில் தம்பி வீட்டிலேயே ஜெபத்தை ஆரம்பித்தாள். ஒத்திலா தடுக்கவில்லை. ஜெபம் நடக்கும்போது கொல்லையில் துணி துவைத்தாள்.

ஒன்பதாம் நாள் வருகிறவர்களுக்குத் தமால் கொடுக்க வேண்டும். சோள மாவில் மிளகாய் விழுதும் பன்றிக் கொழுப்பும் பிசைந்து, திச்சிந்தா என்று நாங்கள் சொல்லும் கறுப்பு மட்டியை ஓட்டோடு அதில் கலந்து, வாழை இலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. சாவு வீட்டில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. விதவை அடுப்பைத் தொடமாட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சோளமும் விறகும் கொண்டு வந்து அவள் சமையலறையை எடுத்துக்கொள்வார்கள். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட வேண்டும்.

அதனால்தான் ஒத்திலா தானே சமைப்பேன் என்றாள்.

"என் அடுப்பு. நான்தான் செய்வேன். ஊருக்குச் சாப்பாடு போடணும்னா போடுறேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

முந்தின நாளே அவள் காயலில் மார்பளவு தண்ணீரில் நின்று அலையாத்தி மர வேர்களிலிருந்து திச்சிந்தாவைப் பிய்த்து வந்திருந்தாள். வேறு யாரையும் பிய்க்க விடவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை வேலையில் இருந்தால் மனம் ஆறும் என்று விட்டுவிட்டோம். அது எங்கள் தவறு. துக்கத்தில் இருப்பவளைச் சமைக்க விடாததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதை நாங்கள் மரியாதை என்று மட்டும் நினைத்திருந்தோம்.

காலையில் மாவைப் பிசைந்தாள். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டாள், மிதந்தது; பதம் சரி. பெரிய அலுமினியப் பானையில் குச்சிகளைப் பரப்பி, அடியில் தண்ணீரும் ஒரு காசும் போட்டு, தமால்களை நிமிர்த்தி அடுக்கினாள். தண்ணீர் கொதிக்கும் வரை காசு கடகடக்கும்; நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். காசு நன்றாகவே கடகடத்தது. ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது.

வேக வேண்டிய நேரத்தில் எர்மெலிந்தா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மாவு இலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சை வாடை. மட்டி ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

இன்னும் விறகு வைத்தார்கள். மறுபடி பிரித்தார்கள். அதே பச்சை.

எங்கள் கரையில் இதற்குக் காரணம் தேடி யாரும் அடுப்பைப் பார்ப்பதில்லை, ஆட்களைப் பார்ப்பார்கள். கோபத்தோடு யாராவது பக்கத்தில் இருந்தால் தமால் வேகாது.

"யாருடி முறைச்சுக்கிட்டு நிக்கிறது? சொல்லிடுங்க, பானைக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள் ஒருத்தி.

"எம் புருஷன்கூட காலையில சண்டைதான். ஆனா அது தினமும் இருக்கே, அப்ப எங்க வீட்டுல ஒரு நாளும் வெந்திருக்கக்கூடாது" என்றாள் இன்னொருத்தி.

சோளத் தோகையைக் கிழித்துப் பானையின் இரண்டு பிடியிலும் காது மாதிரிக் கட்டினார்கள். ஊரில் பேசும் பொல்லாப்பு பானைக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. ஒருத்தி கரண்டியால் பானையைத் தட்டித் திட்டினாள். அடுத்தது ஆட்டம். கோபம் உள்ளவர் பானைக்கு முன்னால் ஆட வேண்டும்.

"சாவு வீட்டுலயா?" என்றாள் ஒருத்தி.

"தம்பி ஆன்மா வயித்துப் பசியோட நிக்குது. யாரும் ஒத்துக்கலன்னா நான்தான் ஆடணும்" என்றாள் எர்மெலிந்தா. கறுப்பு உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பானைக்கு முன்னால் இடுப்பை ஆட்டினாள். அவளுடைய பெரிய உடம்பு ஒரு பக்கம் போய் நின்று மறுபக்கம் வந்தது. கண்ணில் நீர் வடிந்தது. "சிரிக்காதீங்கடி" என்றாள். யாராலும் அடக்க முடியவில்லை. சிரித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஒத்திலா மட்டும் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

தமால் அப்போதும் வேகவில்லை.

ஒவ்வொருத்தியாக ஒத்திலாவின் பக்கம் திரும்பினார்கள். எர்மெலிந்தா வந்து அவள் கையிலிருந்த இடுக்கியை மெதுவாக வாங்கினாள்.

"ஒத்திலா, நீ கொஞ்சம் வெளியே போய் உட்காரு, கண்ணு."

"எனக்குக் கோபம் இல்லக்கா."

"இல்லடி. ஆனா நீ இது வேகணும்னு நினைக்கல."

அவளால் மறுக்க முடியவில்லை. அவளுக்கும் அதே நம்பிக்கைதானே. விறகு ஈரமாக இருந்ததென்றோ, மூடி சரியாக இல்லையென்றோ அவள் சொல்லியிருக்கலாம். தன் மனதைப் பானை காட்டிக்கொடுத்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். எழுந்து வெளியே வந்து வேலியோரம் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். நான் அங்கே மிச்ச வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என் அடுப்புலேர்ந்து என்னையே எழுப்பிட்டாங்க" என்றாள்.

அப்போதுதான் ஒரு பெண் மணல் பாதையில் வந்தாள். தோளில் கோணிப்பை. பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் முதுகு நனைந்திருந்தது. கறுப்பு உடுத்தவில்லை. வேலிக்கு வெளியே நின்றாள்.

"ஒத்திலா வீடு?"

ஒத்திலா அந்தப் பையைப் பார்த்தாள். ஐஸ்.

"நீ யாருன்னு தெரியும். எங்கே அவரு?"

கிரிசெல்தா பையைக் கீழே இறக்கினாள். "அதைக் கேட்கத்தான் நான் வந்தேன்."

"பொய் சொல்லாத. உன் வீடு பூட்டிக் கிடந்துச்சாம். அகாபுல்கோவுக்குப் போனியாம்."

"தேடித்தான் போனேன். ஆஸ்பத்திரி பார்த்தேன். மீன் துறையில கேட்டேன். செத்தவங்களைப் போடுற ரூமையும் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எங்கயும் இல்ல. திரும்பி வந்தா, இங்க பொண்டாட்டி அழவே இல்லன்னு சொன்னாங்க. ஜெபத்துல வந்து உட்காரவும் மாட்டேங்குறாளாம்." அவள் வீட்டு வாசலையே பார்த்தாள். "அப்ப நீங்க அவரை உள்ளே வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். என்கிட்ட வரவிடாம ஊரையே ஏமாத்துறீங்கன்னு. வர்ற வழியெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டு வந்தேன்."

ஒத்திலாவின் பார்வையும் வாசலுக்குப் போனது.

"அவரு உள்ள இருந்தா சொல்லிடுங்க. நான் பார்க்கக்கூட வேணாம். அப்படியே போயிடுறேன்."

"மோட்டார்?" என்றாள் ஒத்திலா.

"எங்க ஊர்ப் பசங்கதான் கழட்டினாங்க. படகு கரையில ஒதுங்கினதும். யாருன்னும் எனக்குத் தெரியும். வேணும்னா வாங்கித் தரேன்."

தான் மற்றவளிடம் ஏமாந்தவளாக இருக்க வேண்டும், அப்போதாவது அவன் உயிரோடு இருப்பான் என்று இரண்டு பேருமே ஆசைப்பட்டிருந்தார்கள். அந்த ஆசை நிறைவேற ஒருத்தியாவது பொய் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரிடமும் பொய் இல்லை. நான் இலையைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"இவ்வளவு தூரம் ஐஸ் எதுக்குத் தூக்கிட்டு வந்தே?" என்று ஒத்திலா கேட்டாள்.

"உள்ளே அவரு இல்லன்னா சாவு வீடாச்சே. வெறுங்கையோட எப்படி வர்றது?"

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. யாரோ ஒருத்தி, "வெந்துடுச்சு! மட்டியெல்லாம் வாய் திறந்துடுச்சு!" என்று கத்தினாள். பெண்கள் சிலுவைக் குறி இட்டுக்கொள்வது ஜன்னல் வழியே தெரிந்தது.

எர்மெலிந்தா ஒரு தட்டில் முதல் தமாலை எடுத்துக்கொண்டு வந்தாள். வேலிக்கு அப்பால் நிற்பவளைப் பார்த்ததும் அவள் நடை நின்றது. யாரென்று அவள் கேட்கவில்லை. பையையும் நனைந்த முதுகையும் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஒரு நிமிஷம் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

தட்டை ஒத்திலாவிடம் நீட்டினாள். "சாப்பிடு, கண்ணு."

அந்த வீட்டில் ஒத்திலாவுக்கு யாரும் தட்டு எடுத்து வந்து கொடுத்ததில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒத்திலா இரண்டு கையாலும் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இலையைப் பிரிக்கவில்லை.

கிரிசெல்தா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் உள்ளே வரலாமா? ஜெபத்துல பின்னாடி நின்னுக்கறேன்."

ஒத்திலா நிமிரவில்லை.

"என்கிட்ட கேட்காத. இன்னிக்கு அது என் வீடு இல்ல. அவங்ககிட்ட கேளு."

எர்மெலிந்தாவின் பார்வை கோணிப்பைக்குப் போனது. கோணிப்பையிலிருந்து தண்ணீர் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முதல் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பிலெமோனின் பெயர் வந்தது.