ஹெல்மெட்டைக் கழற்றாமல் சொன்னது

என் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. அது உதிர்ந்து போனது என்றுதான் என் கணவர் பல வருடங்களாக நம்பியிருந்தார். யார் எந்த எண்ணெயைச் சொன்னாலும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே தேய்த்துவிடுவார். அவர் விரல் அந்த இடத்தில் படும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

உதிரவில்லை. நான்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன், பத்தாம் வகுப்பிலிருந்து.

மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. அங்கே தலையில் துணித்தொப்பி, கைகளில் ஓயாத வேலை. அதனால் தப்பித்தேன். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறி, முழங்கையை ஜன்னலில் ஊன்றினால் போதும், விரல்கள் தானாக மேலே போய்விடும். மற்றவற்றைவிடத் தடித்த, சொரசொரப்பான ஒரு முடியைத் தேடும். அது வேரோடு வரும் நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ இளகும். அடுத்த நொடியே மடியில் கிடப்பதைத் தட்டிவிட்டு, பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தாளா என்று ஓரக்கண்ணால் கவனிப்பேன்.

சென்ற வருடம் கணவர் என்னைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் வெளியே காத்திருக்க, மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார். “இது தானா விழுந்த முடி இல்லம்மா. நீங்களா பிடுங்குறீங்களா?”

தலையாட்டினேன். “அவருகிட்ட சொல்லாதீங்க.”

“சொல்லமாட்டேன். இது ஒரு நோய்தான். சிகிச்சை இருக்கு.” செங்கல்பட்டில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

தோல் டாக்டரிடம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஆலோசகர் என்னைவிடச் சின்னப் பெண். ‘மனசைக் கட்டுப்படுத்துங்க’ என்று அறிவுரை வரும் என்று கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ, கை எப்போது மேலே போகிறது, உட்கார்ந்திருக்கும்போதா நிற்கும்போதா, அதற்கு முன்னால் என்ன நினைப்பு என்று கேட்டார். முதலில் நிறுத்தவே முயல வேண்டாம், கை போவதைக் கவனித்தால் போதும் என்றார். கவனிக்கத் தொடங்கியதும்தான் பயந்துபோனேன். சோறு கொதிக்கும்வரை நிற்கும்போது, போன் பார்க்கும்போது, குளியலறைக் கண்ணாடி முன்னால் என்று எந்நேரமும் கை தலையில்தான் இருந்தது.

பிறகு கைக்கு மாற்று வேலை கொடுத்தார். மேலே போகத் துடித்தால் விரல்களை இறுக மூடித் தொடையில் அழுத்தி, அந்தத் துடிப்பு தணியும்வரை வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் செய்தேன். கடைசியாக, “வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும்” என்றார். அது மட்டும் முடியவில்லை.

அதற்குள் மாமியார் வேண்டிக்கொண்டுவிட்டார். “ஆடிக் கிருத்திகைக்குத் திருப்போரூர்ல உனுக்கு மொட்ட போட்டுடலாம். முருகன் கீறான், நல்லா மொளைக்கும்.”

எனக்கும் சபலம் தட்டியது. முடியே இல்லையென்றால் கை எதைப் பிடுங்கும்? ஆலோசகரிடம் இதைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. “வேண்டுதல வேணாம்னு நான் சொல்லல. ஆனா முடி வளந்ததும் கையும் திரும்பி வரும். அத சிகிச்சைன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க.”

அடுத்த ஞாயிறு மதியம் நானும் கணவரும் பைக்கில் மாமல்லபுரம் போனோம். சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். கடற்கரையில் காற்று பேயாக அடித்தது. மணலில் உட்கார்ந்த பிறகும் நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“இன்னா இது, கழட்டு. ஜனங்க பாத்துகினு போறாங்க.”

“காத்து அடிக்குது.”

“அடிச்சா இன்னா? நான் பாக்காத தலையா?”

அவர் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னேன். “அது தானா கொட்டல. நான்தான் புடுங்குறேன். நிறுத்த முடியல.”

காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது. அருகே குனிந்து, “இன்னா?” என்றார். மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறைதான் கஷ்டமாக இருந்தது.

மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டார். பிறகு, “வாராவாரம் எண்ண தேச்சி விட்டனே. அப்பகூட வாய தொறக்கலியே நீ” என்றார். கோபமில்லை, குரல்தான் உடைந்திருந்தது. வீடு திரும்பும்வரை வேறு வார்த்தை இல்லை. என்னை விட்டுவிடுவாரோ, மாமியாரிடம் பைத்தியம் என்று சொல்லிவிடுவாரோ என்று வழியெல்லாம் பைக்கின் பின்கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

இரண்டொரு நாள் கழித்து அவர் அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. “அதுக்கு டாக்டரு பாக்குறாங்க. மொட்ட நான் போட்டுக்கறேன்.”

மாமியார் முனகினார். “யாரு முடியா இருந்தா இன்னா, முருகனுக்குப் போய்ச் சேர்ந்தா சரி.” கிருத்திகையன்று சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கணவர் என் பக்கத்தில் நின்றார். என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் இருப்பதே கடினமானது. என் கை அசைந்தாலே, “கையி, கையி” என்பார். நான் மிரண்டு குளியலறைக்குப் போய்ப் பிடுங்குவேன். விஷயம் தெரிந்ததும் ஆலோசகர் அவரையும் வரச்சொன்னார். “அதட்டாதீங்க சார். பேசாம அவங்க கையில ஏதாவது வேலைய குடுங்க. கை கீழ இருக்கும்போது அதையும் பாத்து நல்லதுன்னு சொல்லுங்க.” அன்றிலிருந்து டிவி பார்க்கும்போது பட்டாணியோ பூண்டோ என் மடிக்கு வந்துவிடும். உரித்து மாளாது.

மாதங்கள் போயின. உச்சியில் குட்டையாக, விறைப்பாக முடி முளைத்து நின்றது. தொட ஆசை வரும், தொட்டால் பயம் வரும்.

போன மாதம் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒரே வாரத்தில், முளைத்ததில் பாதியைப் பிடுங்கிவிட்டேன். செய்ததெல்லாம் வீணாகிவிட்டது என்று அடுப்படியிலேயே நின்றிருந்தேன். கணவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “திரும்ப புடுங்கிட்டேன்” என்று நானே சொன்னேன்.

அவர் என் தலையைப் பார்க்கவில்லை. “சரி, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணியா?”

“இல்ல.”

“பண்ணு. நான் லீவு சொல்றேன்.”

ஆலோசகர் வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். வேலை இருக்குமா என்று இன்னும் தெரியவில்லை. மாமியார் மாவரைக்கக் கூப்பிடுகிறார்.