ஏழரைக் குதிரைவலு

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற தறுவாயில் எனக்கு நித்திரையைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை. காலையில் வெள்ளவத்தையில் ரயிலேறினால் கொழும்புக் கோட்டை வரை நின்றபடிதான். கந்தோரில் மின்சாரம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் மேசையில் குவிந்து கிடக்கும். அவற்றில் பாதிக்கு முடியாது என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். செம்புக் கம்பிக்குத் தட்டுப்பாடு. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துப் பழைய லைன்களில் ஒரு மோட்டாருக்கு ஏழு கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு.

அந்த அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். புருஷன் இல்லை. அவரும் தங்கச்சியும் கடைகளுக்கு மிளகாய் இடித்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள். தங்கச்சிக்குத் தோள் போய்விட்டது, இனி உலக்கை பிடிக்க முடியாது. காதில் கழுத்தில் இருந்ததை விற்று, பூட்டிய அச்சுக்கூடம் ஒன்றிலிருந்து பழைய மோட்டாரை வாங்கியிருந்தார். கரண்ட் மட்டும் கிடைத்தால் வீட்டிலேயே சொந்தமாக ஒரு மில் வைத்துவிடலாம். இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னார். நான் பாதிதான் கேட்டேன்.

பெட்டிசம் எழுதுகிறவர் ஒருவர் மோட்டாரின் தகட்டைப் பார்த்து நிரப்பிய விண்ணப்பம் அது. மோட்டாரின் அளவு என்ற இடத்தில் ஏழரை என்று எண்ணில் இருந்தது. பக்கத்தில், குதிரைவலுவைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் சின்னதாக. நான் எண்ணைப் பார்த்தேன். எழுத்தைப் பார்க்கவில்லை.

"ஏழுதான் அம்மா குடுக்கலாம். இது ஏழரை."

"அரைதானே ஐயா கூட?"

"அரையும் கூடத்தான்."

"ஏழரையை ஆரும் விலை குடுத்து வாங்குவினமோ?" என்று பக்கத்து மேசைக்காரர் சனியனை நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழிந்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது. முடியாது என்று எழுதி, கீழே என் கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துக்கொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறுகிறார்கள், சுவரில் ஒட்ட ஒரு அட்டவணை எழுதித் தாரும் என்றார் தலைமைக் கிளாக்கர். அலுப்போடு உட்கார்ந்தேன். ஒரு குதிரைவலு என்பது 746 வாட். ஆயிரம் வாட் சேர்ந்தால் ஒரு கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் பில்லில் வருகிற ஒரு யூனிட். எல்லாம் பரீட்சைக்குப் படித்து நல்ல புள்ளி வாங்கிய சங்கதிதான். ஒன்றுக்கு எதிரே 0.746. ஐந்துக்கு எதிரே 3.73. ஏழரைக்குப் பெருக்கினேன். 5.6 வந்தது.

திரும்பவும் பெருக்கினேன். அதே 5.6. மோட்டார் சூடாகி வீணாக்குகிறதற்கென்று இன்னொரு கிலோவாட்டைச் சேர்த்தாலும் ஏழைத் தொடாது. ஏழரைக் குதிரையை ஏழு கிலோவாட்டோடு நிறுத்தி, எது பெரிது என்று பார்த்திருக்கிறேன். மீற்றரையும் முழத்தையும் அப்படிப் பார்க்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

அன்று பின்னேரமே புது விண்ணப்பம் ஒன்றை நானே நிரப்பி எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். அந்த அம்மா கைநாட்டு வைத்தால் போதும். வீட்டில் தங்கச்சிதான் இருந்தார்.

"அக்கா கிராண்ட்பாஸ் மில்லிலை நிக்கிறா" என்றார்.

கால் கெஞ்சியது. போனேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கூலிக்கு மிளகாய் கொட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் துணியை இறக்கினார்.

"மோட்டாரை இந்த முதலாளிக்குக் குடுத்திட்டன் ஐயா. பிறகு நானும் இஞ்சை வேலைக்கு வந்திட்டன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சுவரில் கண்ணாடி போட்டு அனுமதிப் பத்திரம் மாட்டியிருந்தது. முதலாளி கணக்குத் தெரிந்த யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறார். மோட்டாரின் அளவு 5.6 கிலோவாட். கீழே என் கையெழுத்து. அனுமதித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

"இங்கிலீசு தெரியாது ஐயா, இலக்கம் தெரியும். உந்தக் கிறுக்கல்தான் என்ரை கடுதாசியிலையும் கிடந்தது" என்று விரலால் காட்டினார். "மோட்டார் அதேதான். என்னட்டை ஏழரையாய் இருந்தது இஞ்சை எப்பிடிக் குறைஞ்சது?"

மோட்டார் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கணக்கைச் சொன்னேன். குதிரைவலு, வாட், கிலோவாட் எல்லாம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அண்டைக்கு என்ரையும் சரிதானோ?"

"ஓம் அம்மா."

அவர் துணியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த ஓலைக் கடகத்து மிளகாயைத் தூக்கிக் கொட்டினார்.