எங்கள் வீட்டு டெனன்ட்

கொழும்பில் வாடகை ஒப்பந்தத்தில் ‘டெனன்ட்’ என்ற சொல்லுக்கு மேலே கையெழுத்திடும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில் கல்முனையில், எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்த டீச்சர்தான் அந்தச் சொல்லைச் சொல்லித்தந்தார்.

“அடுத்தவங்கட வீட்டில இருக்கிற ஆள், பிள்ள.”

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். ஆகவே கொப்பியில் எழுதினேன்: எங்கள் வீட்டில் இரண்டு டெனன்ட், டீச்சரும் வாப்பாவும்.

அதைப் பார்த்த உம்மா, அடுப்பில் மீன் கருகுவதையும் மறந்து சிரித்தார். வாப்பா வாசித்தபோது நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“சரியாத்தான் எழுதியிரிக்கா. டீச்சருக்கு நினைச்சா வீட்ட விட்டு வெளிக்கிட ஏலும். எனக்கு அதுவும் ஏலா!”

அந்த வீடு இப்போது என் பெயரில். கையெழுத்திட்டதும் வாப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“நானும் டெனன்ட் ஆகிட்டன், வாப்பா.”

“ஓம் மகள். உன்ட ஊட்டுல நான் இன்னும் இரிக்கன். வெளிக்கிடச் சொல்லிராத!”