புஷ் செய்யாத அக்கா

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டவள், பத்து வருடம் கழித்துத் திரும்பியிருந்தாள். மேலாளருக்கே அவளுடைய கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். வேலை கிடைத்த அன்று அவள் அழுதே விட்டாள். இனி யார் நம்மைக் கூப்பிடப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தவள்.

பேருந்து டிக்கெட் பதியும் செயலியில், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் அவள் பொறுப்பு. எழுதுகிற நிரலைச் சேமிக்க அங்கே 'கிட்' என்றொரு மென்பொருள் வைத்திருந்தார்கள். அவள் காலத்துக் கருவியே வேறு. அதில் 'கமிட்' கொடுத்தால் போதும், எல்லாம் நேராகப் பொதுச் சர்வருக்குப் போய்விடும். இங்கேயும் ஒரு 'கமிட்' இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் கிட்டில் கமிட் அவரவர் கணினியோடு நின்றுவிடும். பிறகு 'புஷ்' கொடுத்தால்தான் அடுத்தவருக்குப் போய்ச் சேரும். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று அவளும் எதையும் கேட்கவில்லை.

காலைக் கூட்டத்தில் தினமும், "நேத்து வேலைய முடிச்சு கமிட் பண்ணிட்டேன் சார்" என்பாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். சர்வரில் தேடினால் அவள் பெயரில் ஒரு வரி கிடையாது. அக்கா கூசாமல் புளுகுகிறாள் என்று முடிவு கட்டினார்கள். முகத்துக்கு நேரே கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. "யாரும் ஒரு குறை சொல்லல, தெரியுமா!" என்று அவளோ வீட்டில் கணவரிடம் பீற்றிக்கொண்டாள்.

மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்தது. மேலாளர் கூப்பிட்டார். வேலை நிரந்தரம் என்ற நினைப்பில் அவள் பூரித்துப்போய் உட்கார்ந்தாள். அவர் மென்று விழுங்கினார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். இதுவரைக்கும் ஒண்ணுமே செய்யலையே நீங்க..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விறுவிறுவென்று போய்த் தன் மடிக்கணினியை எடுத்துவந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"அப்ப இதெல்லாம் என்ன சார்?"

திரை முழுக்கக் கமிட்டுகள். 'விற்றுப்போன இருக்கையைத் தொட்டால் இனிச் சிவப்பாகும்', 'கடைசி வரிசை இனி மறையாது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகக் குறிப்பு. மேலாளர் உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்க புஷ் பண்ணவே இல்லையா அக்கா?"

"எதைப் புஷ் பண்ணணும்?"

அவர் சொல்லச் சொல்ல அவள் புஷ் கட்டளையைத் தட்டினாள். வெளியே ஒவ்வொரு கணினியிலும் அறிவிப்புகள் கிணிகிணியென்று கொட்டின. "ஐயோ, அக்கா!" என்று யாரோ அலறினார்கள், கூடமே சிரித்தது. அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் கோபம் வந்தது.

"மூணு மாசமா ஒருத்தர்கூட என்கிட்ட வந்து கேக்கலையே?"

"கேட்டா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"வேலைய விட்டு அனுப்பினா மட்டும் குளுகுளுன்னு இருக்குமா தம்பி?"

மேலாளர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கமிட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.