மோல் மேடம்

முதல் பெஞ்சில் இருக்கும் பெண்ணின் உள்ளங்கையில் இரண்டு கல் உப்பை வைத்து, "நாக்குல வைம்மா" என்கிறார் மோல் மேடம். அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வைக்கிறாள். "எப்படி இருக்கு?" "உப்பா இருக்கு மேடம்." வகுப்பே சிரிக்கிறது. அவர் சிரிப்பதில்லை. "சோடியத்தைத் தண்ணில போட்டா தீப்பிடிச்சு ஓடும். குளோரின் மூச்சுல ஏறுனா நுரையீரல் வெந்துடும். ரெண்டு கொலைகாரனுங்க கைகோத்துக்கிட்டு உன் நாக்குல கரையறானுங்க, உனக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னு கேளுங்களேன் யாராவது!" யாரும் கேட்பதில்லை. அவரே சொல்லிவிடுவார். ஒருவனிடம் ஒரு எலக்ட்ரான் அதிகம், இன்னொருவனுக்கு ஒன்று குறைச்சல். கொடுத்தவன் கொடுத்தான், வாங்கினவன் வாங்கினான், இருவரும் அடங்கினார்கள்.

எங்கள் உயிரியல் துறையில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படை வேதியியல் எடுப்பவர் இவர்தான். அணு, பிணைப்பு, நீர், அமிலம், காரம், மோல். இருபத்தோரு வருடமாக இதே ஆறு பாடம். நான் அதே துறையில் தாவரவியல் எடுக்கிறேன், அடுத்த மேசை. எனக்கு நிரந்தர வேலை, அவருக்கு வருடா வருடம் ஜூன் மாதம் ஒரு கடிதம். கடிதம் வந்தால் இருக்கலாம், வராவிட்டால் மேசையைக் காலி செய்யவேண்டும். இருபத்தோரு முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மே மாதக் கடைசியில் அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என் நாளிதழைப் பிரித்துக்கொள்வேன். என் குணம் அது.

பிள்ளைகளுக்கு அவர் பாடம் வேப்பங்காய். "வேதியியல் வேணாம்னுதானே மேடம் பயாலஜி எடுத்தோம்" என்று வருடத்துக்கு ஒருவன் எழுந்து முனகுவான். "நீ விட்டாலும் அது உன்னை விடாதுடா கண்ணா. மூச்சு விடறியே, அது என்ன, இலக்கியமா?" என்று உட்காரவைப்பார். மோலைப் புரியவைக்க ஆணிக் கடைக்குக் கூட்டிப்போவார், வாய்வழியாகத்தான். "ஆயிரம் ஆணி வேணும்னா கடைக்காரன் எண்ணிக்கிட்டா உட்கார்ந்திருப்பான்? எடை போட்டுக் குடுப்பான். ஒரு ஆணி என்ன எடைன்னு அவனுக்குத் தெரியும். அணுவையும் அப்படித்தான், எண்ண முடியாது, நிறுக்கணும். மோல்னா ஒரு பெரிய டஜன். அவ்வளவுதான், இதுக்குப் போயா காய்ச்சல் வந்து படுத்துக்கறீங்க?" இப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பியூன் முதல் முதல்வர் வரை மோல் மேடம் என்றால்தான் தெரியும்.

ஐம்பத்திரண்டு வயது. காட்டன் புடவை, இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், கைப்பையில் எப்போதும் அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். தாள் ஒரு கட்டு. காப்பியில் அதை முக்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு. உங்க வயிறு புண்ணாகாம என்ன பண்ணும்?" என்று என் கோப்பையைத் தள்ளிவைப்பார். கெமிக்கலே இல்லாத சோப்பு என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு கடைக்குள் நுழைந்து, "கெமிக்கல் இல்லாம எதைப்பா உள்ளே வெச்சு விக்கிற, காத்தையா? காத்தும் கெமிக்கல்தான்" என்று கால் மணிநேரம் சண்டை போட்டார். கடைக்காரன் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு மானம் போனது. ஆனால் அதே சோப்பை ஒன்று வாங்கிக்கொண்டுதான் வந்தார், காரத்தன்மை எவ்வளவு என்று பார்க்க.

வீட்டிலும் இதேதான். சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் ஒட்டியிருக்கும். "என் மேலதான் இன்னும் ஒட்டல, எக்ஸ்பயரி தேதி தெரியாததால" என்று அவர் கணவர் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் இந்த அம்மாள் டாக்டருக்கு முன்னால் பொட்டாசியம் எண்ணைத்தான் பார்ப்பார். "அஞ்சு புள்ளி எட்டு! யாரைக் கேட்டு வாழைப்பழம் தின்னீங்க?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்துவார். கத்தும்போது கண் கலங்கியிருக்கும். அந்தச் சிகிச்சை முழுக்கக் கல்லூரியின் குடும்பக் காப்பீட்டில் ஓடுகிறது. மேடம் வேலையில் இருக்கும்வரை காப்பீடு இருக்கும். வேலை போன மறுநாள் அதுவும் போய்விடும். இது எனக்குத் தெரியும், துறைத் தலைவருக்கும் தெரியும்.

துறைத் தலைவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நல்ல உடை, நல்ல குரல். சாயப்பட்டறைக் கழிவு நீர் கலந்தால் பாசி பச்சையம் இழந்து வெளுக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், நானும் ஒரு மாலை போட்டேன். பாசி வளர்க்கும் கரைசலைத் தயாரிப்பது மேடத்தின் கூடுதல் வேலை. கழிவு கலக்காத பாசிக்கு அவர்தான் தயாரித்தார். கழிவு கலக்கவேண்டிய பாசிக்குத் தயாரிக்கும் வாரத்தில் அவர் இல்லை. கணவருக்கு டயாலிசிஸுக்காகக் கையில் அறுவை, பத்து நாள் லீவு. தலைவரே தராசின் முன் நின்று தயாரித்தார். ஆய்வகத்துக்குள் அவர் கோட்டு மாட்டி வந்தது அபூர்வம் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் மேடத்தைப் பார்த்துவிட்டும் வந்தேன்.

கட்டுரை வந்து எட்டு மாதம் கழித்து, அலமாரியைத் துடைக்கும்போது மேடம் ஒரு பாட்டிலைப் பார்த்திருக்கிறார். மக்னீசியம் சல்பேட். பழைய பாட்டில் தீர்ந்து, அவர் லீவில் இருந்தபோது புதியது வந்திருக்கிறது. அதன் பிறகு பாசிக் கரைசலுக்கு வேலை வராததால் அவர் அதைத் தொட்டதில்லை. பழையது வறண்ட பொடி. புதியது படிகம், ஒவ்வொரு மூலக்கூறோடும் ஏழு மூலக்கூறு தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது, எடையில்தான் தெரியும். சுவரில் தலைவர் ஒட்டிவைத்த எடைப்பட்டியல் பழைய பொடிக்கு உரியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஆணி வாங்கப் போனவர் ஈரச் சாக்கோட சேர்த்து நிறுத்துட்டாரு சார். பாதிக்கு மேல தண்ணி. பாசிக்குப் போனது பாதி மக்னீசியம்கூட இல்ல. பச்சையத்துக்கு நடுவுல உட்கார்ந்திருக்கறதே மக்னீசியம்தானே, அது இல்லாம எப்படிப் பச்சையா இருக்கும்? சாயக் கழிவு ஒண்ணும் பண்ணல. சோத்துக்கு இல்லாம வெளுத்திருக்கு."

முதலாமாண்டுப் பிள்ளை செய்கிற பிழை. அவர் வகுப்பில் பதினைந்து மதிப்பெண் வெட்டுகிற பிழை. சும்மா சொல்லக்கூடாது என்று இரண்டு குடுவையில் பாசி வளர்த்தும் பார்த்தார். இரண்டிலும் கழிவு நீர் ஒரு சொட்டு இல்லை. ஒன்றுக்குத் தலைவரின் பட்டியல்படி எடை, இன்னொன்றுக்குச் சரியான எடை. பன்னிரண்டாம் நாள் ஜன்னலோரம் முதல் குடுவை வெளிறிப்போய் நின்றது. மற்றது பச்சைப் பசேலென்று இருந்தது. நான் இரண்டையும் கண்ணால் பார்த்தேன்.

வேறு யாரிடமும் சொல்லாமல் நேராகத் தலைவர் அறைக்குத்தான் போனார். ஆளை மட்டம் தட்டவேண்டும் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. திருத்திக்கொள்வார் என்று நினைத்தார், பாவி. கதவு திறந்திருந்ததால் எங்கள் அறைக்குக் கேட்டது. "ஏன் மேடம், ஃபர்ஸ்ட் இயர் பாடத்தை எனக்கே எடுக்கறீங்களா?" தொடர்ந்து சிரிப்பு. மறுநாள் ஜன்னலோரம் குடுவைகள் இல்லை. இடம் அடைக்கிறது என்று கழுவி வைக்கச் சொன்னாராம்.

அதோடு போயிருக்கும். ஆனால் வேறு ஊரில் இரண்டு பேர் அதே சோதனையைச் செய்து பார்த்து, பாசி வெளுக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். கட்டுரை வெளியிட்டவர்கள் விளக்கம் கேட்டார்கள், நிர்வாகம் விசாரணை என்றது. அது ஒரு மே மாதக் கடைசி.

தலைவர் மேடத்தைக் கூப்பிட்டார். சாட்சிக்கு என்னையும். மேசையில் இரண்டு தாள். ஒன்று ஜூன் மாதப் பணி நீட்டிப்பு, கையெழுத்துப் போடாதது. இன்னொன்று மேடம் எழுதுவதுபோல் டைப் அடித்த கடிதம். குறிப்பிட்ட தேதியில் கரைசலைத் தயாரித்தது தானே என்றும், கவனக்குறைவால் மக்னீசியம் சல்பேட்டைத் தவறாக எடைபோட்டுவிட்டதாகவும், துறைத் தலைவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்றும்.

"அன்னிக்கு நான் லீவு சார்" என்றார் மேடம்.

"லீவு ரெஜிஸ்டரை நான் பாத்துக்கறேன். உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? வாரம் மூணு தடவைதானே?" அக்கறை போலவேதான் கேட்டார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "சார், அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. ரெண்டு குடுவையையும் பாத்தீங்க. நீங்க சொல்லுங்க."

சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆமாம் என்று ஒரு வார்த்தை. எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி, தலைவரின் குறிப்பில்லாமல் பதவி உயர்வு கிடையாது. இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, "வீட்டை நினைச்சுப் பாருங்க மேடம்" என்றேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது. கூசட்டும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை மணிக்கு முடியும் சார் இது? அவருக்கு ரெண்டு மணிக்கு டயாலிசிஸ்" என்று தலைவரிடம் கேட்டார். "இப்பவே முடிச்சுடலாம்" என்று அவர் பேனாவை நீட்டினார்.

சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். மேடத்தை முந்திக்கொண்டு. சீக்கிரம் எழுந்து போய்விடவேண்டும் என்று இருந்தது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார். விடைத்தாள் படிக்கும் வேகம். தேதியிடம் நின்றார், கடந்தார். கவனக்குறைவு என்ற சொல்லிடம் நின்றார், கடந்தார். தலைவர் நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்னீசியம் சல்பேட் என்ற இடத்துக்கு வந்ததும் மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தச் சொல்லின் பக்கத்தில், விட்டுப்போனதைச் சேர்க்கப் போடும் கூரையடையாளம் ஒன்று போட்டு, அதன் மேல் பொடி எழுத்தில் ·7H₂O என்று எழுதினார். மை காயட்டும் என்று ஊதினார். பிறகு தாளின் அடிக்குப் போய், கரைசலைத் தயாரித்தது நான்தான் என்பதற்குக் கீழே, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.